ஒரு லட்சம் டாலர் கணக்கில் நிஜமாக இருப்பது எவ்வளவு?

"எங்க தேர்வுல பாஸ் பண்ணுங்க, ஒரு லட்சம் டாலர் கணக்கு தர்றோம்" என்ற விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். ப்ராப் ட்ரேடிங் நிறுவனம் என்றால் பழைய அர்த்தம், ஆளை வேலைக்கு எடுத்து, தன் சொந்தப் பணத்தைக் கொடுத்து ட்ரேட் செய்யச் சொல்வது. இது வேற வகை. இங்கே கட்டணம் கட்டுவது நாம். தேர்வு நடப்பது டெமோ கணக்கில்.

செக் நாட்டின் ப்ராக் நகரில் இருக்கும் எஃப்டிஎம்ஓ நிறுவனத்தின் இரண்டு கட்டத் தேர்வை எடுத்துக்கொள்வோம். பல நிறுவனங்களின் விதிகள் கிட்டத்தட்ட இதே மாதிரிதான்.

- முதல் கட்டம்: 10% லாபம் காட்ட வேண்டும்.
- இரண்டாம் கட்டம்: 5% லாபம்.
- இரண்டிலும், ஒரே நாளில் 5% அல்லது மொத்தமாக 10% நஷ்டம் வந்தால் ஆட்டம் க்ளோஸ். இன்னும் மூடாத ட்ரேடின் நஷ்டமும் இதில் சேரும்.

இப்போது கணக்குக்கு வருவோம். 10,000 டாலர் போனால் வெளியே என்றால், உங்கள் கையில் நிஜமாக இருப்பது 10,000 டாலர்தான். மீதி 90,000 திரையில் தெரியும் எண், அவ்ளோதான். "ஒரு ட்ரேடில் 1% ரிஸ்க்" என்று பாடப்புத்தகம் சொல்வதை அப்படியே செய்தால், ஒவ்வொரு தடவையும் உங்கள் உண்மையான முதலில் பத்தில் ஒரு பங்கைப் பணயம் வைக்கிறீர்கள்.

அடுத்தது, இந்தத் தேர்வு திறமையை அளக்கிறதா? எந்தத் திறமையும் இல்லாமல், காசு சுண்டி ட்ரேட் செய்யும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். தரகுச் செலவையும் தினசரி வரம்பையும் கொஞ்சம் ஒதுக்கி வைப்போம். 10% இறங்கும் முன் 10% ஏற வாய்ப்பு பாதி. 10% இறங்கும் முன் 5% ஏற வாய்ப்பு மூன்றில் இரண்டு. இரண்டையும் பெருக்கினால் மூன்றில் ஒன்று! ஒதுக்கி வைத்த இரண்டையும் திரும்பச் சேர்த்தால் இது குறையும். ஆனாலும் பூஜ்யம் ஆகாது. பாஸ் பண்ணுகிறவர்களில் அதிர்ஷ்டக்காரர்களும் இருப்பார்கள். நாலைந்து தடவை கட்டணம் கட்டினால் ஒரு தடவையாவது பாஸ் ஆவதும் பெரிய அதிசயம் இல்லை.

சின்ன சின்னதாக ட்ரேட் செய்தால் தப்பிக்கலாமா? கையில் உண்மையான சாதகம் இருந்தால், ஆமாம். நிறைய ட்ரேட் செய்யச் செய்ய அது வெளியே தெரியும். சாதகம் இல்லையென்றால், ஒவ்வொரு ட்ரேடுக்கும் போகும் ஸ்ப்ரெட் மெதுவாகத் தின்றுவிடும்.

பாஸ் ஆன பிறகும் பெரும்பாலும் டெமோ கணக்குதான். லாபத்தில் 80% போல நிஜப் பணமாக வரும். உங்கள் ஆர்டரைப் பார்த்து நிஜச் சந்தையில் பணம் போடுவதா வேண்டாமா என்பது நிறுவனத்தின் முடிவு. போடவில்லை என்றால், உங்களுக்குத் தரும் பணம் சந்தையில் சம்பாதித்தது இல்லை. அதில் ஃபெயில் ஆனவர்கள் கட்டிய கட்டணமும் இருக்கும்.

அதனால் சேரும் முன் கேட்க வேண்டிய கேள்வி "எவ்வளவு பெரிய கணக்கு?" என்பது இல்லை. கட்டணம் எவ்வளவு, எத்தனை டாலர் இறங்கினால் வெளியே, எத்தனை தடவை கட்டியதும் நான் நிறுத்துவேன். இந்த மூன்றுக்கும் பதிலை முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.