ஹோம்ஸ்கூலிங் குழந்தைக்கு எந்தக் கணக்குப் புத்தகம்? வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பிள்ளையை வீட்டிலேயே படிக்க வைக்கலாம் என்று முடிவெடுக்கும் பெற்றோரை மொழிப் பாடம் அவ்வளவாகப் பயமுறுத்துவதில்லை. கதைப் புத்தகம் இருக்கிறது, வீட்டில் பேச்சும் இருக்கிறது. கணக்கு என்றதும்தான் கை போனைத் தேடுகிறது. தேடினால் சிங்கப்பூர் மேத்ஸ், சாக்ஸன், மேத் மேமத், பீஸ்ட் அகாடமி, கான் அகாடமி, என்சிஇஆர்டி, சமச்சீர் என்று வரிசை கட்டி வருகின்றன. நடுநடுவே அபாகஸ் வகுப்பு விளம்பரங்கள் வேறு. எதை எடுப்பது?

1 முதல் 5-ம் வகுப்பு வரையிலான குழந்தைகளை மனதில் வைத்து, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

கல்வி உரிமைச் சட்டம் 2009, 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்கானது. ஹோம்ஸ்கூலிங்குக்கென்று தனி விதிமுறையோ, ‘இந்தப் பாடத்திட்டத்தைத்தான் பின்பற்ற வேண்டும்’ என்ற பட்டியலோ அதில் இல்லை. அதனால் தேர்வு உங்கள் கையில்தான் இருக்கிறது.

ஆனால் இரண்டு விஷயங்களைக் கணக்கில் வைக்க வேண்டும். ஒன்று, பள்ளிக்குத் திரும்பும் வாய்ப்பு. வேலை மாற்றம், இடமாற்றம் என்று ஏதாவது வந்து குழந்தையைப் பள்ளியில் சேர்க்க நேர்ந்தால், அந்தச் சட்டப்படி வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கலாம். 9 வயதுக் குழந்தை 4-ம் வகுப்பில் போய் உட்காரும்போது, அங்கே மற்ற குழந்தைகள் வகுத்தல் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

இரண்டு, திறந்தநிலைப் பள்ளித் தேர்வு. என்ஐஓஎஸ் எனப்படும் தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் 3, 5, 8-ம் வகுப்புகளுக்கு இணையான ஏ, பி, சி என்ற நிலைகள் உண்டு. 10-ம் வகுப்புக்கு இணையான தேர்வை 14 வயது முடிந்தவர்கள் எழுதலாம். அங்கே பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் இருக்கிறது. அதற்காக ‘இவளுக்குக் கணக்கு வரல, விட்டுடலாம்’ என்ற முடிவை 8 வயதிலேயே எடுத்துவிடக் கூடாது. அந்த ஒரு முடிவு பின்னால் எத்தனை படிப்புகளின் கதவை மூடும் என்பது அப்போது தெரியாது.

புத்தகங்கள் எதில் வேறுபடுகின்றன?

எல்லாப் புத்தகத்திலும் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், பின்னம்தான் இருக்கப்போகிறது. வித்தியாசம் வரிசையிலும் வேகத்திலும் இருக்கிறது.

சில புத்தகங்கள் ஒரு பாடத்தைக் கையில் எடுத்தால், அது நன்றாகப் பிடிபடும்வரை விடாது. சிங்கப்பூர் மேத்ஸ், மேத் மேமத் இரண்டும் இந்த ரகம். வேறு சில, கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிக் கொடுத்து, பழையதைத் தினமும் திரும்பத் திரும்பக் கேட்கும். அமெரிக்க விமானப்படை முன்னாள் அதிகாரி ஜான் சாக்ஸன் உருவாக்கிய சாக்ஸன் மேத்ஸ் இதற்குப் பேர்போனது. நம்முடைய பாடநூல்களிலும் எண்கள், வடிவியல், அளவைகள் எல்லாம் ஒவ்வொரு வகுப்பிலும் சற்றே கடினமாகித் திரும்பி வரும்.

எது நல்லது? சீக்கிரம் மறக்கிற குழந்தைக்கு இரண்டாவது வகை உதவும். ஆழமாக இறங்க விரும்பும் குழந்தைக்கு, அடிக்கடி பாடம் மாறுவதே எரிச்சலாக இருக்கும்.

சிங்கப்பூர் முறை ஏன் இவ்வளவு பிரபலம்?

1980-களில் சிங்கப்பூர் அரசு உருவாக்கிய முறை இது. டிம்ஸ் என்ற சர்வதேசக் கணிதத் தேர்வில் அந்நாட்டுக் குழந்தைகள் தொடர்ந்து முன்னணியில் இருந்ததால் உலகம் திரும்பிப் பார்த்தது. இதன் அடிப்படை எளிமையானது. முதலில் கையில் தொடும் பொருள், அடுத்து படம், கடைசியில்தான் எண்ணும் குறியும்.

ஒரு கணக்கைப் பாருங்கள். ‘மீனாவிடம் 24 மாங்காய் இருக்கிறது. அது ரவியிடம் இருப்பதைப் போல 3 மடங்கு. இருவரிடமும் சேர்த்து எத்தனை?’ ‘மடங்கு’ என்ற சொல்லைப் பார்த்ததும் பல குழந்தைகள் 24-ஐ 3-ஆல் பெருக்கி 72 என்பார்கள். சிங்கப்பூர் முறையில் மீனாவுக்கு 3 கட்டங்கள், ரவிக்கு 1 கட்டம் வரையச் சொல்வார்கள். 3 கட்டம் 24 என்றால் ஒரு கட்டம் 8. மொத்தம் 4 கட்டம், அதாவது 32. படம் வரைந்ததுமே எதைப் பெருக்குவது, எதை வகுப்பது என்ற குழப்பம் போய்விடுகிறது.

இந்தக் கட்டப்படத்துக்குத் தனியாகப் புத்தகம் வாங்க வேண்டும் என்றில்லை. சமச்சீர் புத்தகக் கணக்கையும் இப்படிப் போடலாம்.

வெளிநாட்டுப் புத்தகத்தில் என்ன சிக்கல்?

அமெரிக்கப் பதிப்பில் டைம், நிக்கல், குவார்ட்டர் என்று நாணயங்கள் வரும். நீளத்துக்கு இன்ச், எடைக்கு பவுண்ட், வெப்பத்துக்கு ஃபாரன்ஹீட். பெரிய எண்களில் லட்சம், கோடி இருக்காது, மில்லியன்தான். நம்மூரில் 1,00,000 என்று போடுகிற காற்புள்ளி, அங்கே 100,000 என்று இடம் மாறும். பெரியவர்களுக்கு இது சின்ன விஷயம். இடமதிப்பை இப்போதுதான் பிடித்துக்கொண்டிருக்கும் குழந்தைக்குச் சின்ன விஷயம் இல்லை. மெட்ரிக் அளவுகளில் பதிப்பு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பணம், பெரிய எண்கள் ஆகிய பாடங்களை மட்டும் நம் பாடநூலிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

தமிழில் எண்ணச் சொல்லுங்கள்

வீட்டில் ஆங்கில வழிப் புத்தகமே இருந்தாலும், எண்ணுவது தமிழிலும் நடக்கட்டும். பதினொன்று என்ற சொல்லிலேயே பத்தும் ஒன்றும் இருக்கின்றன. இருபத்து மூன்று என்றால் இரு பத்து, ஒரு மூன்று. ‘லெவன்’, ‘ட்வெல்வ்’ இப்படி எதையும் காட்டிக் கொடுப்பதில்லை. சறுக்கும் இடம் 9-ல்தான். 90-ஐத் தொண்ணூறு என்கிறோம், 900-ஐத் தொள்ளாயிரம் என்கிறோம். சொல்லில் நூறும் ஆயிரமும் ஒலிப்பதால் குழந்தை அங்கே கொஞ்சம் தடுமாறினால் திட்ட வேண்டாம்.

வாங்கும் முன் 10 நிமிடச் சோதனை

வயதையோ வகுப்பையோ பார்த்து மட்டும் புத்தகம் வாங்காதீர்கள். 7 வயதைத் தாண்டிய, இரண்டு இலக்கக் கழித்தல் பழகிய குழந்தை என்றால் இந்த மூன்றைக் கேட்டுப் பாருங்கள்.

* 16 புளியங்கொட்டையை எண்ணி வைக்கச் சொல்லுங்கள். 16 என்று எழுதி, அதிலுள்ள ‘1’ எத்தனை கொட்டையைக் குறிக்கிறது என்று கேளுங்கள். ஒரே ஒரு கொட்டையைக் காட்டினால், இடமதிப்பு இன்னும் புரியவில்லை.
* 52-லிருந்து 29-ஐக் கழிக்கச் சொல்லுங்கள். விடை 23. அதற்குப் பதில் 37 வந்தால், ஒவ்வொரு இலக்கத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கிறது என்று அர்த்தம். கவனக்குறைவு என்று சொல்லி விட்டுவிடாதீர்கள்.
* 8 + 4 = □ + 5. கட்டத்தில் 7 வர வேண்டும். 12 என்று எழுதினால், சமக்குறியை ‘விடை எழுது’ என்ற கட்டளையாகப் புரிந்துகொண்டிருக்கிறது. இது சரியாகாமல் போனால் பின்னால் இயற்கணிதத்தில் இடிக்கும்.

எங்கே சறுக்குகிறதோ அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். ஒரு வகுப்பு கீழே உள்ள புத்தகம் என்றாலும் பரவாயில்லை. சில பாடத்திட்டங்கள் நிலையறியும் தேர்வை இலவசமாகவே இணையத்தில் தருகின்றன, அதையும் பயன்படுத்தலாம்.

ஆப், அபாகஸ் மட்டும் போதுமா?

அபாகஸ் வேகமாகக் கணக்கிடப் பழக்கும். ஆனால் பின்னம், அளவை, வடிவியல் எல்லாம் அதில் வராது. அதனால் அது பாடத்திட்டம் ஆகாது. கான் அகாடமி போன்றவை பயிற்சிக்கு நல்ல துணை, இலவசமும்கூட. ஆனால் 6 வயதுக் குழந்தைக்குத் திரையை விடக் குச்சியும் கொட்டையும்தான் முதல் ஆசிரியர். குழந்தை எந்த இடத்தில் தப்பாக யோசித்தது என்பதும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால்தான் தெரியும்.

சரி, யாருக்கு எது?

* செலவு செய்ய முடியாது, பள்ளிக்குத் திரும்பும் வாய்ப்பும் உண்டு: சமச்சீர் அல்லது என்சிஇஆர்டி. இரண்டையும் இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். என்சிஇஆர்டி 2023 முதல் படிப்படியாகத் தொடக்க வகுப்புப் புத்தகங்களைப் புதுப்பித்தது. அதில் 3-ம் வகுப்புக்கு 2024-ல் வந்ததுதான் ‘மேத்ஸ் மேளா’.
* இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், உட்கார்ந்து சொல்லித்தர நேரம் குறைவு: விளக்கமும் பயிற்சியும் ஒரே தாளில் இருக்கும் மேத் மேமத் போன்றவை.
* பெற்றோருக்கே கணக்கு என்றால் நடுக்கம்: ஆசிரியர் கையேடு உள்ள பாடத்திட்டம். கையேட்டை முதல் நாள் இரவே படித்துவிடுங்கள்.
* எல்லாம் ஈஸியா இருக்கு, போரடிக்குது என்கிற குழந்தை: காமிக்ஸ் வடிவில் புதிர்க் கணக்கு தரும் பீஸ்ட் அகாடமி.

எப்போது மாற்றலாம்?

இரண்டு வாரம் குழந்தை முகம் சுளித்தது என்பதற்காகப் புத்தகத்தை மாற்ற வேண்டாம். ஒவ்வொரு மாற்றத்திலும் ஏதாவது ஒரு பாடம் இரண்டு புத்தகங்களுக்கும் நடுவில் விழுந்துவிடும். பாடத்தின் நீளத்தைக் குறைத்துப் பாருங்கள். சிறு வகுப்புகளுக்கு ஒரு நாளைக்கு 20 நிமிடம்கூடப் போதும், ஆனால் தினமும் நடக்க வேண்டும். இரண்டு, மூன்று மாதம் போன பிறகும் கணக்கு நேரம் வந்தாலே அழுகையும் சண்டையும் என்றால், அப்போது தயங்காமல் மாற்றுங்கள். வீட்டில் ஆசிரியரும் நீங்கள்தான், அம்மா அப்பாவும் நீங்கள்தான். ஒரு புத்தகத்துக்காக அந்த உறவைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

முதல் மாதத்துக்குப் பாடநூலை இலவசமாக இறக்கிவைத்து, மேலே சொன்ன மூன்று கேள்விகளோடு தொடங்குங்கள். எங்கே தட்டுகிறது என்று தெரிந்த பிறகு பணம் செலவழித்தால் போதும்.