நாரையிடம் போகாமல் நாரையை நெருங்க

மார்கழி மாதத்தில் வேடந்தாங்கல் ஏரிக்கரையில் நின்றிருக்கிறீர்களா? நீரில் நிற்கும் மரங்களில் நாரைகளும் நீர்க்காகங்களும் கூடு கட்டியிருக்கும். ஆசையோடு கைபேசியில் படம் எடுப்போம். வீட்டுக்கு வந்து பார்த்தால் மரம் இருக்கும். அதன்மேல் சில வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். நாரை இருக்காது.

கிட்டப் போய் எடுத்தால் என்ன? கூடாது. கூட்டிலுள்ள தாய்ப்பறவை மிரண்டு எழுந்துவிட்டால் காகம் முட்டையைக் கொத்திக்கொண்டு போய்விடும். இறகு முளைக்காத குஞ்சு வெயிலில் வாடும். ஆகவே நாம் நெருங்காமல் பிம்பத்தை நெருங்க வைக்கும் கேமராதான் நமக்கு வேண்டும்.

ஒத்த முக்கோணங்கள் உங்களுக்குத் தெரிந்தவைதாம். பொருளின் உயரத்தை லென்சின் குவியத் தூரத்தால் பெருக்கி, பொருளின் தொலைவால் வகுத்தால் பிம்பத்தின் உயரம் கிடைக்கும். 1 மீட்டர் உயர நாரை 100 மீட்டர் தொலைவில் நிற்பதாகக் கொள்வோம். 50 மி.மீ. லென்சில் அதன் பிம்பம் அரை மில்லிமீட்டர், 400 மி.மீ. லென்சில் 4 மில்லிமீட்டர்.

இந்தப் பிம்பம் விழும் இடம் சென்சார் என்னும் ஒளியுணர் சில்லு. லென்சு மாற்றும் வசதியுள்ள பல கேமராக்களில் இது ஏறத்தாழ 24 மி.மீ. அகலமும் 16 மி.மீ. உயரமும் உள்ளது. அதில் 4 மி.மீ. நாரை, படத்தின் உயரத்தில் கால் பங்கு. இனி, லென்சு மாற்ற முடியாத நெடுஞ்ஜூம் கேமரா ஒன்றைப் பாருங்கள். சென்சாரின் உயரம் சுமார் 4.6 மி.மீ. மட்டுமே. 247 மி.மீ. லென்சு அதில் 2.5 மி.மீ. நாரையைத்தான் வரையும். ஆனால் அது படத்தில் பாதிக்கு மேல்! பெட்டியின் மேல் '1365 மி.மீ.' என்று அச்சிட்டிருந்தால் மலைக்க வேண்டாம். பழைய 35 மி.மீ. படச்சுருள் கேமராவுக்கு ஈடாகச் சொல்லும் கணக்கு அது.

அப்படியானால் சிறிய சென்சாரே மேலா? இங்கேதான் ஒரு விலை கொடுக்க வேண்டும். அதன் பரப்பு, முன்னதில் ஏறத்தாழ 13-இல் ஒரு பங்குதான். சிறிய தட்டில் மழை குறைவாகத்தானே சேரும்? ஒளியும் அப்படியே. உச்சி வெயிலில் தெரியாத இந்தக் குறை, அந்தி வேளையில் படமெங்கும் மணல் தூவியதுபோலப் புள்ளிகளாக வெளிப்படும்.

பறவை அசையாமலும் இருப்பதில்லை. நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் பறக்கும் பறவை, ஷட்டர் நொடியில் 100-இல் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால் 10 செ.மீ. நகர்ந்துவிடும்; 1000-இல் ஒரு பங்கு என்றால் 1 செ.மீ. மட்டுமே. ஆனால் அந்தக் குறுகிய நேரத்துக்குள் போதிய ஒளி உள்ளே வர வேண்டும்! சின்னச் சென்சார் திணறுவது இதனால்தான்.

கடைக்காரர் முதலில் சொல்லும் எண் மெகாபிக்சல். 12-ஐ 24 ஆக்கினால் படம் இருமடங்கு நுட்பமாகும் என்று எண்ணிவிடாதீர்கள். நாரையின் உயரத்தில் அடங்கும் பிக்சல்கள் 1.4 மடங்குதான் கூடும். 'டிஜிட்டல் ஜூம்' என்பதும் படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவதே. ஒளியியல் ஜூமைத்தான் கேட்க வேண்டும்.

பகலில் ஏரிப் பறவைகளைப் பார்க்கப் போகிறவருக்கு நெடுஞ்ஜூம் கேமராவே போதும் என்பது என் கருத்து. காட்டு நிழலில் மானையும் யானையையும் எடுக்க விரும்பினால், பெரிய சென்சார் கேமராவையும் 300 மி.மீ. வரை நீளும் லென்சையும் பழையதாகவே வாங்கலாம். பழையது என்றதும் முகம் சுளிக்க வேண்டியதில்லை. இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் (1912–1996) நம் காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளைப் படச்சுருளில்தான் எடுத்தார்.

வீட்டில் பணம் கேட்குமுன் ஒரு சோதனை செய்யுங்கள். பள்ளி மைதானத்தில் 100 மீட்டர் அளந்து, ஒரு முனையில் மீட்டர் அளவுகோலை நிறுத்துங்கள். மறுமுனையிலிருந்து, ஜூம் செய்யாமல், கைபேசியைக் கிடையாகப் பிடித்துப் படமெடுங்கள். படத்தின் உயரத்தில் அளவுகோல் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்குதான் இருக்கும். கடையில் எந்தக் கேமராவைக் கையில் எடுத்தாலும் கேளுங்கள்: இந்த ஒரு பங்கை இது எத்தனை பங்காக்கும்?