கோதுமை சேராத குடல்... இது யார் வீட்டுச் சீதனம்?

திருப்பத்தூரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். தாத்தாவுக்குச் சர்க்கரை வந்ததிலிருந்து ராத்திரியில் வீடு முழுக்கச் சப்பாத்திதான். காலையில் கோதுமை ரவை உப்புமா, சாயந்திரம் பிஸ்கட், ஞாயிற்றுக்கிழமை பரோட்டா. அந்த வீட்டின் ஏழு வயதுப் பெண் குழந்தைக்கு ஒரு வருஷமாக வயிறு சரியில்லை. அடிக்கடி பேதி, வயிறு உப்புசம். கூடப் படிக்கிற பிள்ளைகளெல்லாம் வளர, இவள் மட்டும் அப்படியே நிற்கிறாள். இரும்புச்சத்து டானிக் பாட்டில் பாட்டிலாகக் கொடுத்தும் ரத்தசோகை தீரவில்லை. பூச்சி மருந்து, கஷாயம், மந்திரிப்பு எல்லாம் ஆயிற்று.

கடைசியில் ரத்தப் பரிசோதனையும் எண்டோஸ்கோப்பியும் செய்து பார்த்த டாக்டர், "இது சீலியாக் நோய். இனிமேல் கோதுமையே கூடாது. இதற்குப் பரம்பரைத் தொடர்பும் உண்டு" என்றார். அவ்வளவுதான், வீடு ரெண்டுபட்டது!

"எங்க வம்சத்துல இப்படி ஒரு வியாதி கிடையவே கிடையாது. இது உங்க அம்மா வீட்டுச் சீதனம்!" என்கிறார் மாமியார். "எங்க வீட்லயும் யாருக்கும் இல்லையே அத்தை..." என்று கண் கலங்குகிறாள் மருமகள்.

யார் சொல்வது சரி? இரண்டு பேருமே பாதிதான் சரி!

குடலில் என்ன நடக்கிறது?

நம் சிறுகுடலின் உட்புறம் டர்க்கி டவல் மாதிரி இருக்கும். அதில் நூல் நூலாக நீட்டிக்கொண்டிருக்கும் குடல் உறிஞ்சிகள்தான் சாப்பாட்டின் சத்தை உறிஞ்சி ரத்தத்தில் சேர்க்கின்றன. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் 'குளூட்டன்' என்ற புரதம் உண்டு. சப்பாத்தி மாவு ஜவ்வு மாதிரி இழுபடுவதே இதனால்தான். இது முழுசாகச் செரிப்பதில்லை. துண்டு துண்டாகக் குடலில் தங்கும். பெரும்பாலோருக்கு இதனால் ஒரு கெடுதலும் இல்லை.

சிலருக்கு மட்டும் உடம்பின் நோய் எதிர்ப்புப் படை இந்தத் துண்டுகளை எதிரி என்று தப்புக்கணக்குப் போட்டுவிடுகிறது. அது நடத்தும் தாக்குதலில் சொந்தக் குடலே புண்ணாகிறது. உறிஞ்சிகள் தேய்ந்து, டவல் வழவழப்பான துணி மாதிரி ஆகிவிடுகிறது. அப்புறம் என்ன சாப்பிட்டாலும் சத்து ஒட்டாது. இது சாதாரண அலர்ஜி இல்லை. உடம்பு தன்னைத்தானே தாக்கிக்கொள்ளும் நோய்.

மரபணு செய்யும் வேலை

நமது ஆறாவது குரோமோசோமில் 'எச்.எல்.ஏ.' என்ற மரபணுக் குடும்பம் இருக்கிறது. எதிரி யார், நம்மவர் யார் என்று எதிர்ப்புப் படைக்கு அடையாளம் காட்டும் தட்டுகளை உண்டாக்குவது இதன் வேலை. இதில் டி.க்யூ.2, டி.க்யூ.8 என்ற இரண்டு வகைத் தட்டுகளில் குளூட்டன் துண்டு கச்சிதமாகப் பொருந்தி உட்கார்ந்துகொள்கிறது. 'இதோ எதிரி!' என்று தட்டு நீட்ட, படை பாய்கிறது. சீலியாக் நோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் டி.க்யூ.2 உள்ளவர்கள். மீதிப் பேரில் பெரும்பாலோருக்கு டி.க்யூ.8. இரண்டும் இல்லாதவருக்கு இந்த நோய் வருவது மிக மிக அபூர்வம்.

இப்போது மாமியார்-மருமகள் வழக்குக்கு வருவோம். குழந்தைக்கு ஒவ்வொரு மரபணுவும் அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என ஜோடியாக வருகிறது. டி.க்யூ.2 தட்டு இரண்டு பாகம் சேர்ந்தது. இரண்டு பாகமும் ஒரே பக்கத்திலிருந்து வரலாம். ஒரு பாகம் அம்மாவிடமிருந்தும் மறு பாகம் அப்பாவிடமிருந்தும் வந்து, குழந்தையின் உடம்பில் முதன்முதலாக ஒன்று சேரவும் செய்யலாம்! அப்படியானால் சீதனம் இரண்டு வீட்டுடையதும்தான்.

மரபணு இருந்தால் நோய் வந்தே தீருமா?

வராது. இதுதான் முக்கியம். மரபணு என்பது மண்ணில் கிடக்கும் விதை மாதிரி. அது முளைக்கத் தண்ணீர் வேண்டாமா? இங்கே தண்ணீர், கோதுமை.

இதற்கு நம் நாட்டிலேயே நல்ல சாட்சி இருக்கிறது. டெல்லி எய்ம்ஸ், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி உள்ளிட்ட இடங்களின் மருத்துவர்கள் சேர்ந்து வட இந்தியா, வடகிழக்கு, தென்னிந்தியா என்று மூன்று பகுதிகளில் 23,000க்கும் மேற்பட்ட பெரியவர்களைப் பரிசோதித்தார்கள். முடிவு 2016ல் வெளியானது. டி.க்யூ.2 அல்லது டி.க்யூ.8 உள்ளவர்கள் வடக்கே 38.1 சதவீதம், தெற்கே 36.4 சதவீதம். கிட்டத்தட்ட சமம்! ஆனால் நோய்? வடக்கே ஆயிரத்துக்கு எட்டுப் பேருக்கு மேல். தெற்கே பத்தாயிரத்துக்கு ஒருவர் அளவுக்குத்தான். சாப்பிட்ட கோதுமை, தலைக்கு ஒரு நாளைக்கு வடக்கே சராசரி 455 கிராம், தெற்கே 25 கிராம்.

ஆக, 'நம்ம வம்சத்தில் இல்லை' என்று மாமியார் சொன்னது பொய்யில்லை. மரபணு தலைமுறை தலைமுறையாக வந்திருக்கலாம். ஆனால் அவர்கள் சாப்பிட்டது அரிசிச் சோறும் கேழ்வரகுக் களியும் ஜவ்வாது மலைச் சாமையும். விதை முளைக்கவே இல்லை.

அதற்காக எல்லோரும் சப்பாத்தியைத் தூக்கிப் போட வேண்டாம். இந்த மரபணு உள்ளவர்களிலும் நூற்றில் மூன்று பேர் அளவுக்குத்தான் நோய் வருகிறது. ஒரே கருவில் பிறந்த அச்சு அசல் இரட்டையரில் ஒருவருக்கு வந்தால், நான்கில் மூன்று பேர் அளவுக்குத்தான் மற்றவருக்கும் வருகிறது. மரபணு அத்தனையும் ஒன்றாக இருந்தும் சிலர் தப்பிக்கிறார்கள்! வேறு சுமார் 40 மரபணுப் பகுதிகளுக்கும் இதில் சிறு சிறு பங்கு உண்டு.

வீட்டில் மற்றவர்களுக்கு?

நோயாளியின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளில் நூற்றுக்கு ஏழெட்டுப் பேருக்கு இந்த நோய் இருக்கிறது. பேதியே இல்லாமல், தீராத ரத்தசோகை, எலும்புத் தேய்மானம், வளர்ச்சிக் குறைவு என்று மட்டும் தலைகாட்டலாம். எனவே ஒருவருக்கு உறுதியானால் மற்றவர்களும் 'டி.டி.ஜி.' என்ற ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. மரபணுப் பரிசோதனை செய்து அந்த இரண்டும் இல்லை என்றால் நிம்மதி, திரும்பத் திரும்ப ஊசி குத்த வேண்டாம். இருந்தால் 'நோய் வந்துவிட்டது' என்று அர்த்தமில்லை. டாக்டர் சொல்லும் இடைவெளியில் கவனித்து வந்தால் போதும்.

ஒரு எச்சரிக்கை. பரிசோதனைக்கு முன்பே நீங்களாகக் கோதுமையை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் நோய் இருந்தும் ரத்தத்தில் தெரியாமல் போகும். நம் பக்கத்தில் இதே மாதிரி அறிகுறி காட்டும் வேறு குடல் நோய்களும் உண்டு. கிருமித் தொற்று, குடல் காசநோய், 'ட்ராபிகல் ஸ்ப்ரூ' எதுவாகவும் இருக்கலாம். சந்தேகத்தில் பத்தியம் இருப்பது ஆபத்து.

அடுப்படியில் கவனம்

நோய் உறுதியானால் மருந்து ஒன்றே ஒன்று. ஆயுளுக்கும் கோதுமை, பார்லி, ரை வேண்டாம். 'ஒரே ஒரு பிஸ்கட்தானே, பாவம் குழந்தை' என்று பாட்டி ரகசியமாகக் கொடுப்பதும் கூடாது.

ரவை, மைதா, சேமியா எல்லாமே கோதுமைதான். கல்யாண வீட்டுக் கேசரியும் அதில் சேர்த்தி. கடையில் வாங்கும் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு அல்லது மைதா கலந்திருக்கும். லேபிளைப் படியுங்கள். சத்துமாவு, மால்ட் கலந்த பானங்கள், கேழ்வரகுச் சேமியா ஆகியவற்றிலும் கோதுமையோ பார்லியோ இருக்கலாம். மாவு மில்லில் கோதுமை அரைத்த கையோடு உங்கள் கேழ்வரகைப் போட்டால் அதுவும் கெட்டது. சப்பாத்திக் கல்லில் குழந்தைக்குத் தோசை வார்க்காதீர்கள்.

கவலை வேண்டாம், நம் சமையலில் சாப்பிட எவ்வளவோ இருக்கிறது! இட்லி, தோசை, இடியாப்பம், புட்டு, சாமைப் பொங்கல், தினை, கம்பு, சோளம், பருப்பு, முட்டை, மீன்... வடக்கே இந்த நோய் வந்தவர்கள் தேடி அலையும் சாப்பாடு, நமக்குப் பாட்டி காலத்திலிருந்தே வாடிக்கை. கோதுமையை முழுசாக விட்டால் பெரும்பாலான குழந்தைகளின் குடல் ஆறிவிடும். நின்றுபோன வளர்த்தியும் திரும்ப வேகம் பிடிக்கும்.

அதனால் மாமியார்களே, மருமகள்களே! மரபணுவை யாரும் கேட்டு வாங்கி வருவதில்லை. கொடுத்தது யார் என்று சண்டை போடும் நேரத்தில் தம்பியையும் கூட்டிக்கொண்டு போய் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். பாட்டிக்குத் தெரிந்த சாமைச் சோற்றுப் பக்குவத்தை மருமகள் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். குழந்தை தேறுவதற்கு இரண்டு பேருமே வேண்டும்.