இணையவழி ஓவியப் பயிற்சி: படைப்பைப் பகிர்ந்து திருத்தம் பெறுவது எப்படி? காளஹஸ்தி கலம்காரி காட்டும் வழி

திருப்பதி:

இணையவழியில் ஓவியம் கற்போர், தாம் வரைந்த கோட்டோவியத்தைக் கைப்பேசியில் படமெடுத்து வகுப்புக் குழுவில் பகிர்வது இன்று வழக்கமாகிவிட்டது. சில நிமிடங்களிலேயே "அருமை", "அழகு" என்ற சொற்களும் கைதட்டும் குறிகளும் வந்து சேர்கின்றன. ஆயினும் அடுத்த ஓவியத்தில் அதே பிழை மீண்டும் தலைகாட்டுகிறது. பாராட்டு கிடைத்தும் முன்னேற்றம் இல்லாததால், தமக்குத் திறமையே இல்லை என்று எண்ணிப் பயிற்சியைக் கைவிடுவோரும் உண்டு. எந்தக் கட்டத்தில் படைப்பைக் காட்டுவது, என்ன கேட்பது என்பதை அறிந்தால் இந்நிலையைத் தவிர்க்கலாம். அதற்கான விடை திருப்பதி மாவட்டம் ஸ்ரீகாளஹஸ்தியின் கலம்காரி மரபில் இருக்கிறது.

அழிக்கக்கூடிய கரிக்கோடு

சுவர்ணமுகி ஆற்றங்கரையில் அமைந்துள்ள ஸ்ரீகாளஹஸ்தி, 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி மாவட்டம் உருவாகும் வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. மசூலிப்பட்டினத்துக் கலம்காரியில் மர அச்சுகள் பயன்படுகின்றன. காளஹஸ்தியிலோ ஓவியம் முழுவதும் கையால் வரையப்படுகிறது. புவிசார் குறியீடு பெற்ற இக்கலைக்காக ஜே. குருப்பா செட்டிக்கு 2008ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

முதலில் பருத்தித் துணியைக் கடுக்காய்ச் சாறும் எருமைப்பாலும் கலந்த நீரில் நனைத்து உலர்த்துகின்றனர். பின்னர் புளியங்குச்சியைச் சுட்டு எடுத்த கரியால் உருவத்தின் கோடுகளை இடுகின்றனர். அதன் பிறகே, இரும்புத் துண்டுகளையும் வெல்லத்தையும் பல நாட்கள் நீரில் ஊறவைத்து எடுத்த சாயத்தால் அக்கோடுகளை உறுதிப்படுத்துகின்றனர். கடுக்காயின் துவர்ப்புப் பொருளும் இரும்பும் சேர்ந்து அழியாத கறுப்பு நிறமாகின்றன. கரிக்கோடு தட்டினால் உதிர்ந்துவிடும். கறுப்புச் சாயம் துணியை விட்டு அகலாது. எனவே திருத்துவதற்கு உகந்த நேரம் கரிக்கோட்டு நிலையே ஆகும்.

மூன்று கட்டங்களாகப் பகிர்தல்

இணைய வகுப்பில் மாணவர் பெரும்பாலும் நிழல் தீட்டி முடித்த ஓவியத்தையே அனுப்புகிறார். அருகில் அமர்ந்து கற்பிக்கும் ஆசிரியர் கையின் போக்கைக் காண்பார். இணைய ஆசிரியருக்கோ முடிவு மட்டுமே தெரிகிறது. அடிப்படை அளவு தவறியிருந்தால், அந்நிலையில் கூறப்படும் கருத்துரை காலம் கடந்ததாகிவிடும்.

ஆகவே ஓர் ஓவியத்தை மூன்று முறை படமெடுப்பது பயனளிக்கும். மெல்லிய கோடுகளால் மொத்த வடிவத்தை அமைத்தவுடன் ஒன்று, கோடுகள் உறுதியானவுடன் ஒன்று, ஒளி நிழல் தீட்டிய பின் ஒன்று. முதல் படத்திற்குக் கருத்துரை கிடைத்த பின்னரே அடுத்த கட்டத்திற்குச் செல்வது நல்லது.

படமெடுப்பதிலும் கவனம் தேவை. கைப்பேசியைச் சாய்த்துப் பிடித்தால் தாளின் ஒரு பக்கம் குறுகித் தோன்றும். ஓவியத்தில் இல்லாத பிழையை ஆசிரியர் திருத்த நேரிடும். தாளுக்கு இணையாகக் கைப்பேசியைப் பிடித்து, சன்னலோரப் பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இன்றிப் படமெடுக்க வேண்டும். அழுத்தித் தீட்டிய பென்சில் பகுதி ஃபிளாஷ் வெளிச்சத்தில் பளபளத்து, நிழலின் அளவை மறைத்துவிடும். வரைந்த பொருளையும், வரைந்தபோது இருந்த அதே பார்வைக் கோணத்தில் படமெடுத்து உடன் அனுப்பினால் ஒப்பிட்டுப் பார்ப்பது எளிதாகும்.

கேள்வியே கருத்துரையைத் தீர்மானிக்கும்

"எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் "நன்றாக இருக்கிறது" என்ற பதிலே வரும். சித்தூர்ப் பகுதியில் மிகுதியாக விளையும் கிளிமூக்கு மாம்பழத்தை வரைபவர், "மூக்குப் பகுதியின் வளைவு சரியான இடத்தில் தொடங்குகிறதா?" என்று கேட்கலாம். சந்திரகிரிக் கோட்டையின் ராஜ மகாலை வரைபவர், "தொலைவில் உள்ள வளைவுகள் போதிய அளவு சிறுத்துள்ளனவா?" என்று கேட்கலாம். இத்தகைய கேள்வி, பதில் கூறுவோரின் கண்ணை ஓவியத்தின் குறிப்பிட்ட இடத்திற்கு அழைத்துச் செல்கிறது.

கருத்துக் கூறுவோருக்கும் பொறுப்பு உண்டு. உளவியல் ஆய்வாளர்கள் அவ்ராம் க்ளூகர், ஏஞ்சலோ டெநிசி ஆகியோர் 1996இல் வெளியிட்ட ஆய்வில், பின்னூட்டம் குறித்த 600க்கும் மேற்பட்ட ஒப்பீடுகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். பின்னூட்டம் சராசரியாகச் செயல்திறனை உயர்த்திய போதிலும், மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட நேர்வுகளில் அதனைக் குறைத்தது தெரியவந்தது. கவனம் பணியிலிருந்து விலகி, செய்பவர் மீது திரும்பும்போது பயன் குறைகிறது என்பது அவர்களது விளக்கம். "உனக்குக் கை வரவில்லை" என்ற பழிப்புக்கு மட்டுமின்றி, "நீ பிறவிக் கலைஞர்" என்ற புகழ்ச்சிக்கும் இது பொருந்தும். "இடது விளிம்பின் நிழலை இன்னும் ஒரு படி அடர்த்தியாக்கலாம்" என்பதே மாணவருக்கு அடுத்த வேலையைக் காட்டும் கருத்துரை.

அஞ்சல் வழியில் ஒரு முன்னோடி

தொலைவிலிருந்து ஓவியம் திருத்துவது புதிதன்று. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் 1948இல் ஓவியர் ஆல்பர்ட் டோர்ன், நார்மன் ராக்வெல் முதலானோருடன் இணைந்து அஞ்சல்வழி ஓவியப் பள்ளியைத் தொடங்கினார். மாணவர் அனுப்பிய ஓவியத்தின் மீது மெல்லிய தாளை வைத்து, அதில் திருத்தத்தை வரைந்து, விளக்கக் கடிதத்துடன் ஆசிரியர்கள் திருப்பி அனுப்பினர். மூல ஓவியம் சிதையவில்லை. பிழையும் திருத்தமும் ஒருசேரத் தெரிந்தன. இன்று கைப்பேசி வரைகலைச் செயலியில் படத்தின் மேல் தனி அடுக்கு அமைத்து அதே முறையைப் பின்பற்றலாம்.

பகிர்வதால் உரிமை இழப்பா?

சொந்தப் படைப்பைப் பகிர்வதால் மட்டும் பதிப்புரிமை போய்விடாது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஓவியருடைய வாழ்நாளிலும் அவருக்குப் பின் 60 ஆண்டுகளும் உரிமை நீடிக்கும். அதற்குப் பதிவு கட்டாயமில்லை. எனினும் பயிற்சித் தளத்தின் விதிமுறைகளைப் படித்த பின் பகிர்வது நன்று. பிறருடைய ஓவியத்தைப் பார்த்து வரைந்திருந்தால், அதனைக் குறிப்பிடுவது கற்போரின் கடமை.

புதிதாகப் பயிற்சியில் சேர்வோர் அடுத்த ஓவியத்தை முடித்த பின் அனுப்பாமல், முதல் பத்து நிமிடக் கோடுகளை ஒரே ஒரு கேள்வியுடன் அனுப்பிப் பார்க்கலாம். அந்நிலையில் வரும் திருத்தத்தை ஏற்க அழிப்பான் ஒன்றே போதுமானது.