காட்டிலும் தொழுவத்திலும் உண்ணிக் கணக்கெடுப்பு

கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்திலுள்ள கியாசனூர் காட்டில் 1957ஆம் ஆண்டு குரங்குகள் அடுத்தடுத்து மடிந்தன; அதே காலத்தில் காட்டை ஒட்டிய ஊர்களில் மக்கள் கடுங்காய்ச்சலில் விழுந்தனர். குரங்குகள் இறந்ததால் இது மஞ்சள் காய்ச்சலாக இருக்குமோ என்ற அச்சம் முதலில் எழுந்தது. ஆனால், புனேயிலிருந்த வைரஸ் ஆராய்ச்சி மையத்தார் பிரித்தெடுத்த வைரஸ், ரஷ்யக் காடுகளில் உண்ணிகளால் பரவும் மூளையழற்சி நோயின் வைரஸுக்கு நெருங்கிய உறவுடையதாகக் காணப்பட்டது. குரங்குக் காய்ச்சல் என இன்று அறியப்படும் இந்நோயைத் தொடர்ந்தே அப்பகுதியின் உண்ணிகள் காடு, தொழுவம், எலிவளை என எல்லா இடங்களிலும் தேடிக் கணக்கெடுக்கப்படலாயின.

இந்நோயைப் பெரிதும் பரப்புவது ஹீமாபைசாலிஸ் ஸ்பினிஜெரா என்னும் காட்டு உண்ணி. முட்டையிலிருந்து ஆறு கால்களுடன் வெளிவரும் குஞ்சு, குருதி குடித்துத் தோலுரித்தபின் எட்டுக் கால்களுள்ள இளம் உண்ணியாகி, மீண்டும் ஒருமுறை குருதி குடித்தே முதிர்ந்த உண்ணியாகிறது; ஒவ்வொரு முறையும் நிலத்தில் விழுந்து, அடுத்த பருவத்தில் புதியதொரு விலங்கைப் பற்றுவதால் இதனை மூவிருந்தோம்பி உண்ணி என்பர். மாட்டுத் தொழுவங்களில் பரவலாகக் காணப்படும் மாட்டுண்ணியோ குஞ்சுப் பருவம் முதல் முதிர்ச்சி வரை ஒரே மாட்டின் மேலேயே தங்கிவிடுவதால், அதன் பெருக்கத்தை அறிய மாட்டைச் சோதித்தாலே பெரும்பாலும் போதும். காட்டு உண்ணியின் வாழ்க்கை பல உயிர்களிடையே சிதறிக் கிடப்பதால், அதனைக் கணக்கெடுப்பது எளிதன்று.

இங்கேதான் கணக்கெடுப்போர் பெரிதும் கவனிக்க வேண்டிய உண்மை ஒன்று உள்ளது. குஞ்சுகளும் இளம் உண்ணிகளும் எலி, மூஞ்சூறு, பறவை, குரங்கு ஆகியவற்றில் உண்ண, முதிர்ந்த உண்ணிகள் பெரும்பாலும் மேய்ச்சல் மாடுகளையும் பெரிய காட்டு விலங்குகளையும் பற்றுகின்றன. வைரஸ் குரங்குகளின் உடலில் மிகுதியாகப் பெருகுகிறது. மாட்டுக்கோ இந்நோயால் தீங்கு நேர்வதில்லை, ஆயினும் முதிர்ந்த உண்ணிகளுக்கு உணவளித்து அவற்றின் இனத்தைப் பெருக்குவதில் அதற்குப் பெரும் பங்குண்டு. ஆகவே குரங்கை மட்டும் ஆராய்வோர் உண்ணி எவ்வாறு பெருகிற்று என்பதையும், மாட்டை மட்டும் ஆராய்வோர் வைரஸ் எங்கே பெருகிற்று என்பதையும் அறியாமற் போவர். வனத்துறை, கால்நடைத்துறை, நலவாழ்வுத்துறை ஆகிய மூன்றும் தனித்தனியே வைத்திருக்கும் கணக்குகள் ஒன்றாகச் சேராத வரையில் அவற்றின் பயன் மிகக் குறைவே.

நிலத்திலுள்ள உண்ணிகளைப் பிடிக்கும் முறை வியக்கத்தக்க அளவு எளியது. பசித்த உண்ணி புல்நுனியிலோ சருகின் மேலோ ஏறி முன்னங்கால்களை நீட்டிக் காத்திருக்கும். அக்கால்களிலுள்ள ஹாலர் உறுப்பு என்னும் நுண்ணிய புலனுறுப்பு, நெருங்கும் விலங்கின் மூச்சுக்காற்றையும் வெப்பத்தையும் உணர்த்தும். கோலில் கட்டிய வெள்ளைத் துணியைப் புதர்களின் மீதும் சருகின் மீதும் மெல்ல இழுத்துச் சென்றால், விலங்கென்று எண்ணி உண்ணிகள் அதில் தொற்றிக்கொள்கின்றன. அவற்றை இடுக்கியால் எடுத்து, இடம், நாள், நேரம் ஆகியவற்றைக் குறித்துக் குப்பியில் இடுவர். பனியில் துணி நனைந்துவிட்டால் உண்ணிகள் ஒட்டா; வளைகளிலேயே வாழும் உண்ணிகள் எத்துணியிலும் அகப்படா. அதனால் எலிகளைக் கூண்டில் பிடித்து மயக்கமூட்டிக் காதோரங்களைச் சோதிப்பதும், மாடுகளின் காது, அலைதாடி, மடி, வாலடி ஆகிய இடங்களில் தேடுவதும், கரியமில வாயுவை வெளிவிடும் உலர்பனிக்கட்டியை வைத்து உண்ணிகளை ஈர்ப்பதும் உடன் நடைபெறுகின்றன. சேகரித்தவற்றை இனமும் பருவமும் வாரியாகப் பிரித்துச் சிறு தொகுதிகளாக அரைத்து, வைரஸ் உள்ளதா என்று ஆய்வகத்தில் சோதிப்பர்.

முதிர்ந்த உண்ணிகள் மழைக்காலத்திலும், குஞ்சுகள் மழை ஓய்ந்தபின்னும், இளம் உண்ணிகள் டிசம்பர் முதல் மே வரையிலும் மிகுந்திருக்கும். விறகுக்கும், மாட்டுக்குப் படுக்கையிடும் சருகுக்கும் மக்கள் காட்டுக்குள் செல்லும் வறண்ட மாதங்களும் அவையே என்பதால் மனிதரைக் கடிப்பவை பெரும்பாலும் இளம் உண்ணிகள்தாம். ஆகவே நோயாளிகள் வந்தபின் துணியை எடுப்பது காலங்கடந்த செயல். மழை முடிந்தவுடனேயே தேடல் தொடங்க வேண்டும்.

நெடுங்காலம் சிவமொக்காவையும் அதன் அண்டை மாவட்டங்களையும் சார்ந்ததாகக் கருதப்பட்ட இந்நோய், 2012 முதல் பந்திப்பூர், நீலகிரி, வயநாடு, கோவா எனப் பரவலாக அறியப்பட்டது. நோயுற்றோரில் ஏறத்தாழ 3 முதல் 5 விழுக்காட்டினர் இறக்கின்றனர். பல பத்தாண்டுகள் போடப்பட்டு வந்த பழைய தடுப்பூசியும் 2022இல் நிறுத்தப்பட்டது.

குரங்கு இறந்தவுடன் அதன் உண்ணிகள் குளிர்ந்த உடலை விட்டு இறங்கிச் சுற்றிலும் பரவிவிடுகின்றன. எனவே மேற்குத்தொடர்ச்சி மலைக் காடுகளை ஒட்டி வாழ்வோர் இறந்த குரங்கைக் கண்டால் அருகில் செல்லாமலும் தொடாமலும், அன்றே வனத்துறைக்கோ ஆரம்ப நலவாழ்வு நிலையத்துக்கோ அறிவிக்க வேண்டும்.