மருந்தின் கையைக் கட்டும் சுண்ணாம்பு

இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்றால் துறைமுகமும் தொழிற்சாலைகளும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் அந்தப் புகைபோக்கிகளின் நிழலிலும் கறவை மாடுகள் நிற்கின்றன. சந்துக்குள் தகரக் கொட்டகை போட்டு, இரண்டு மூன்று பசுக்களை வைத்து, வீடு வீடாகப் பால் ஊற்றிப் பிழைப்பவர்கள் உண்டு. மணலி, மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் போனால் நெல்லும் கோழியும், பழவேற்காடு ஏரிக் கரையோரம் இறாலும் உண்டு. இவர்கள் எல்லோருமே ஏதாவது ஒரு நாள் ஆன்டிபயாடிக் மருந்துக்குப் பணம் கொடுப்பவர்கள்தாம். அந்த மருந்து சில நேரம் வேலை செய்வதில்லை. "மருந்து போலி" என்று கடைக்காரர் மேல் பழி விழுகிறது. பல நேரம் குற்றம் மருந்தில் இல்லை. மருந்தோடு சேர்த்துக் கொடுத்த பொருளில் இருக்கிறது.

பாலில் கரைத்த மாத்திரை

கன்றுக்குட்டிக்குக் கழிச்சல் என்று வைத்துக்கொள்வோம். கடையிலிருந்து டெட்ராசைக்கிளின் வகை மாத்திரை வருகிறது. மாத்திரை கசக்கும், கன்று துப்பிவிடும். ஆகவே அதைப் பொடித்துப் பாலில் கரைத்துப் புகட்டுகிறார்கள். கன்று சொட்டு விடாமல் குடித்துவிடுகிறது. மருந்து முழுவதும் உள்ளே போயிற்று என்று மனத்திற்கு நிம்மதி. ஆனால் மூன்று நாள் கழித்தும் கழிச்சல் நிற்கவில்லை.

நடந்தது என்ன? பசும்பாலில் லிட்டருக்குச் சுமார் 1.2 கிராம் சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், இருக்கிறது. இரண்டு லிட்டர் பாலில் அது ஏறக்குறைய இரண்டரை கிராம். மாத்திரையில் உள்ள மருந்தோ அரை கிராம். டெட்ராசைக்கிளின் மருந்துக்குச் சுண்ணாம்பின் மேல் தனிப் பற்று. இரண்டும் கண்ட இடத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய பிறகு அது குடலின் சுவரைத் தாண்டி இரத்தத்தில் சேர்வது கடினம். சாணத்தோடு வெளியே போய்விடும். மனிதர்களிடம் செய்த சோதனைகளில், டெட்ராசைக்கிளினைப் பாலோடு சாப்பிட்டால் உடலில் சேரும் மருந்து பாதிக்கு மேல் குறைவது தெரிந்திருக்கிறது.

கால்சியம் மட்டுமல்ல, இரும்பு, துத்தநாகம், மெக்னீசியம், அலுமினியம் ஆகியவையும் இதே வேலையைச் செய்கின்றன. கறவை மாட்டுக்கும் கன்றுக்கும் கொடுக்கும் தாது உப்புக் கலவையிலும் கால்சியம் டானிக்கிலும் இருப்பவை பெரும்பாலும் இவைதாம். தாது உப்பு நல்ல பொருள். அதை நிறுத்த வேண்டியதில்லை. வாய்வழி மருந்து கொடுக்கும் வேளையில் மட்டும் இரண்டையும் சேர்க்கக் கூடாது.

வயல் மண்ணில் பிறந்த மருந்து

டெட்ராசைக்கிளின் குடும்பத்தின் மூத்த பிள்ளை ஆரியோமைசின். அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தின் சான்பார்ன் என்ற பழைய வேளாண் ஆராய்ச்சி வயலிலிருந்து எடுத்த மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து பெஞ்சமின் டக்கர் என்ற விஞ்ஞானி அதைக் கண்டறிந்தார். 1948-ல் அது உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அந்த வேலை நடந்த லெடர்லே ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்தவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். மனிதருக்காக வந்த மருந்து விரைவிலேயே கோழிக்கும் மாட்டுக்கும் வந்து சேர்ந்தது.

இந்த மருந்து சுண்ணாம்பை நாடுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பல் வளரும் வயதில் டெட்ராசைக்கிளின் சாப்பிட்ட குழந்தைகளுக்குப் பல் மஞ்சளாகவும் பழுப்பாகவும் மாறிவிடும். பல்லில் உள்ள சுண்ணாம்பில் மருந்து போய் ஒட்டிக்கொள்வதே காரணம். கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் மருத்துவர்கள் இதைத் தவிர்ப்பது இதனால்தான்.

உப்புத் தண்ணீரும் கோழியும்

கோழிக்குப் பெரும்பாலும் குடிதண்ணீரில் கலந்துதான் மருந்து கொடுக்கிறார்கள். இங்கேதான் வடசென்னைக் கடலோரத்துக்கு என்று ஒரு தொல்லை இருக்கிறது. மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததால் கடல் நீர் உள்ளே ஊடுருவியது. கிணறுகள் உப்பாயின. 2010-ல் காட்டுப்பள்ளியில் கடல் நீரைக் குடிநீராக்கும் நிலையம் தொடங்கப்பட்டது வரை அந்தக் கதை நீள்கிறது.

உப்பேறிய ஆழ்குழாய் நீரில் கால்சியமும் மெக்னீசியமும் மிகுதி. சோப்பு நுரைக்காத தண்ணீர் என்றால் அது கடின நீர் என்று அறியலாம். இந்த நீரில் டெட்ராசைக்கிளின் கலந்தாலும், என்ரோபிளாக்சசின் கலந்தாலும் மருந்தின் ஒரு பகுதி தொட்டியிலேயே கட்டுண்டு போகும். கடின நீரில் கலந்த என்ரோபிளாக்சசின் கறிக்கோழியின் இரத்தத்தில் குறைவாகவே சேர்கிறது என்பதை ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. தண்ணீரைக் காய்ச்சி ஆற வைத்தால் போதும் என்று நினைப்பதும் தவறு. கடல் உப்பால் வந்த கடினம் காய்ச்சினாலும் போகாது. மருந்து நாட்களில் மட்டுமாவது மழை நீரையோ லாரியில் வரும் நல்ல தண்ணீரையோ பயன்படுத்துவது நல்லது. நாகப் பூச்சுள்ள தகரத் தொட்டியும் வேண்டாம். பிளாஸ்டிக் தொட்டி போதும்.

முட்டைக் கோழிக்கு இன்னொரு சிக்கல். ஓடு கெட்டியாக வேண்டும் என்று அதன் தீவனத்தில் கிளிஞ்சலும் சுண்ணாம்புத் தூளும் சேர்க்கிறோம். அத்தீவனத்தில் கால்சியம் நூற்றுக்கு மூன்றரை முதல் நான்கு பங்கு வரை இருக்கும். அதிலேயே டெட்ராசைக்கிளின் கலந்தால் மருந்துக்கு வழி ஏது? எந்த மருந்து, எந்த முறையில் என்பதைக் கால்நடை மருத்துவரே சொல்ல வேண்டும்.

இறால் குட்டையில் இது இன்னும் கடுமை. கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 400 மில்லி கிராம் கால்சியமும் 1,300 மில்லி கிராம் மெக்னீசியமும் உண்டு. அதில் டெட்ராசைக்கிளினைக் கொட்டுவது கடலில் பெருங்காயம் கரைத்த கதைதான். குளோராம்பெனிகால், நைட்ரோபியூரான் போன்றவையோ இறால் வளர்ப்பில் அடியோடு தடை செய்யப்பட்டவை. ஏற்றுமதிச் சோதனையில் எச்சம் தெரிந்தால் சரக்கு முழுவதும் திரும்பிவிடும்.

ஊசி மருந்திலும் கவனம்

ஊசியாகப் போடும் மருந்தைத் தீவனத்தில் உள்ள சுண்ணாம்பு பெரிதாகத் தடுப்பதில்லை. ஆனால் வேறு ஓர் ஆபத்து உண்டு. கன்று ஈன்ற பசு பால் காய்ச்சலில் படுத்துவிட்டால் கால்சியம் மருந்தை இரத்தக் குழாயில் ஏற்றுவார்கள். அதே பசுவுக்கு மடிநோயும் இருந்தால் ஆன்டிபயாடிக்கும் தேவைப்படும். அவசரத்தில் இரண்டையும் ஒரே பாட்டிலிலோ ஒரே சிரிஞ்சிலோ கலக்கவே கூடாது. டெட்ராசைக்கிளின் கால்சியத்தோடு கட்டுண்டுவிடும். செப்ட்ரையாக்சோன் என்ற மருந்தோ கால்சியத்தோடு சேர்ந்து வண்டலாகப் படியும். மனிதரில் பச்சிளம் குழந்தைகள் சிலர் இவ்விரண்டும் சேர்ந்ததால் இறந்ததை அடுத்து, 2007-ல் அமெரிக்க மருந்துத் துறை எச்சரிக்கை வெளியிட்டது. மாட்டுக்கும் அதே முன்னெச்சரிக்கை பொருந்தும்.

வளர்ந்த மாட்டுக்கு ஆன்டிபயாடிக் மாத்திரையை வாய்வழியாகத் தாமாகவே கொடுப்பதும் கூடாது. அசைபோடும் வயிற்றில் வைக்கோலைச் செரிக்க வைக்கும் நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் வாழ்கின்றன. அவை மடிந்தால் மாடு தீனி எடுக்காது; பாலும் குறையும்.

சுண்ணாம்பு மட்டுமல்ல

ஒரு மருந்து இன்னொரு மருந்துக்கே பகையாவதும் உண்டு. பென்சிலின், வளரும் கிருமியைத்தான் கொல்லும். டெட்ராசைக்கிளின் கிருமியின் வளர்ச்சியை நிறுத்தி வைக்கும். இரண்டையும் சேர்த்தால் பென்சிலினுக்கு வேலை இல்லாமல் போகலாம். மூளை உறைக் காய்ச்சல் நோயாளிகளில் பென்சிலின் மட்டும் பெற்றவர்களைவிட, அதனோடு ஆரியோமைசினும் பெற்றவர்களே அதிக விகிதத்தில் இறந்ததை 1951-ல் லெப்பர், டௌலிங் என்ற அமெரிக்க மருத்துவர்கள் எடுத்துக் காட்டினார்கள். இரண்டு மருந்து போட்டால் இரட்டைப் பலன் என்பது சரியல்ல.

கோழித் தீவனத்தில் இரத்தக் கழிச்சலைத் தடுக்க மொனென்சின், சாலினோமைசின் போன்றவை முன்கூட்டியே கலந்திருக்கும். அந்தக் கோழிக்குச் சளி நோய்க்கு என்று டையாமுலின் கொடுத்தால் ஈரல் அவற்றை முறித்து வெளியேற்ற முடியாமல், கால் விழுந்து கோழிகள் சாகும். தீவன மூட்டையின் சீட்டைப் படிக்காமல் மருந்து கலக்கக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

வளர்ப்பவர் உடம்பும் அப்படியே

மழைக் காலத்தில் தேங்கிய தண்ணீரில் நின்று மாடு கழுவுபவருக்கு எலிக்காய்ச்சல் வர வாய்ப்புண்டு. அதற்கு மருத்துவர் பெரும்பாலும் தருவது டாக்சிசைக்கிளின். அதுவும் டெட்ராசைக்கிளின் குடும்பமே. இதைப் பால் ஓரளவு தடுக்கும். இரும்புச் சத்து மாத்திரை மிகுதியாகத் தடுக்கும். சிறுநீர்த் தொற்றுக்குத் தரும் சிப்ரோபிளாக்சசினைப் பாலோடு விழுங்கினால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வீணாகும். மாத்திரை போட்ட கையோடு மோர்ச் சோறு சாப்பிடுவதையும், சுண்ணாம்பு தடவிய வெற்றிலை போடுவதையும், வயிற்றெரிச்சலுக்கு வெள்ளை மருந்து குடிப்பதையும் தள்ளிப் போட வேண்டும். எல்லா ஆன்டிபயாடிக்குக்கும் இது பொருந்தாது. அமாக்சிசிலினைப் பால் இந்த அளவு தடுப்பதில்லை. ஆகவே கேட்டுத் தெரிந்துகொள்வதே முறை.

கவனிக்க வேண்டியவை

1. கன்றுக்கு டெட்ராசைக்கிளின் வகை மருந்தைப் பாலில் கலக்காமல், நல்ல தண்ணீரில் கரைத்து, இரண்டு பால் வேளைகளுக்கு நடுவில் புகட்ட வேண்டும். பாலை நிறுத்த வேண்டாம்.

2. வாய்வழி மருந்துக்கும் தாது உப்பு, கால்சியம் டானிக், இரும்புச் சத்து ஆகியவற்றுக்கும் இடையே குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். மருத்துவர் இன்னும் அதிகம் சொன்னால் அதையே கடைப்பிடிக்க வேண்டும்.

3. குணம் தெரியவில்லை என்று அளவைத் தாமாகவே கூட்டக் கூடாது. மருத்துவர் சொன்ன நாட்கள் முடியும்முன் நிறுத்தவும் கூடாது.

4. மருந்துச் சீட்டில் குறித்த நாட்கள் முடியும் வரை பாலையும் முட்டையையும் விற்கக் கூடாது. மருந்து கலந்த பாலில் உறை ஊற்றினால் தயிர் தோயாமல் போவதும் உண்டு.

5. கொட்டகைச் சுவரில் ஒரு சிலேட்டு மாட்டி, எந்த மாட்டுக்கு, எந்த நாள், என்ன மருந்து, என்ன டானிக், என்ன தீவனம் என்று எழுதி வர வேண்டும். மருத்துவர் வந்ததும் அதைக் காட்ட வேண்டும்.

இந்த வட்டாரத்து மாட்டுக்காரர்களுக்கு ஆலோசனை தூரத்தில் இல்லை. வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதை உள்ளடக்கி 1989-ல் அமைந்த தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் மாதவரத்தில் இருக்கிறது.

கட்டுண்டு போன மருந்தால் நட்டம் பணத்தோடு நிற்பதில்லை. அரைகுறை அளவில் மருந்தைக் கண்ட கிருமி, அடுத்த முறை அதே மருந்துக்கு அஞ்சாது. மனிதருக்குக் கடைசிக் கையிருப்பாக உள்ள கொலிஸ்டின் மருந்தைக் கால்நடை, கோழி, மீன் வளர்ப்பில் பயன்படுத்த 2019-ல் மத்திய அரசு தடை விதித்ததும் இந்த அச்சத்தால்தான். இன்று பாலில் கரைத்து வீணாக்கிய மாத்திரை, நாளை அதே வீட்டுப் பிள்ளைக்குப் பயன்படாமல் போகலாம். மருந்து வாங்கும்போது விலையோடு இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும்: இதை எதோடு கொடுக்கக் கூடாது?