பெயரறிந்து செடி வளர்ப்போம்

ஆதம் (அலை) அவர்களுக்கு அல்லாஹ் பொருள்களின் பெயர்கள் அனைத்தையும் கற்றுக்கொடுத்தான் எனத் திருமறை (2:31) அறிவிக்கிறது. பெயரறிவு அற்பமான அறிவன்று. வாசலில் நிற்கும் செடியின் பெயரில் ஏற்படும் மயக்கம் உயிருக்கே ஊறு விளைவிக்கக்கூடும்.

வில்லியனூர், பாகூர் கொம்யூன் சிற்றூர்களில் வேலியோரத்தை அழகு செய்யும் குறுஞ்செடிகள் பல. அவற்றுள் மருதாணி நம் இல்லங்களுக்கு மிகவும் உரியது. மருதோன்றி, ஐவணம் என்பனவும் அதன் தமிழ்ப் பெயர்களே. அரபியில் ஹின்னா, உருதுவில் மெஹந்தி. நரைக்குச் சாயமிட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சிறப்பித்துச் சொன்னவற்றுள் இதுவும் ஒன்று. இதன் இலை தருவது செந்நிறமே. ‘கறுப்பு மருதாணி’ என்ற பெயரில் கடைகளில் விற்கும் கூம்புகள் சிலவற்றில் முடிச்சாய இரசாயனம் கலந்திருப்பதுண்டு. அது தோலைக் கொப்புளமாக்கும். பெருநாளுக்கு இலையை அரைத்திடுவதே நலம்.

ஆடு தொடாத செடி என்பதால் ஆடாதொடை எனப் பெயர் வந்ததாகச் சொல்வர். இருமலுக்கு இதன் இலையைக் கஷாயமிடுவது நம்மவர் வழக்கம். சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1753-இல் இச்செடிக்கு அறிவியல் பெயர் சூட்டியபோது, ‘அதாதோடா’ என்று இப்பெயரையே எடுத்தாண்டார்.

ஆடு தொடாத மற்றொரு வேலிச்செடி அரளி. ஆனால் அது மருந்தன்று, நஞ்சு! அரளி என்ற ஒரே பெயரில் இரு செடிகள் உள்ளன. சிவப்பு, வெள்ளை, இளஞ்சிவப்புப் பூக்கள் பூப்பது ஒன்று. அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து வந்து, மணி வடிவில் மஞ்சள் பூ பூத்துப் பச்சைக் காய் காய்ப்பது மற்றொன்று. இதனைப் பொன்னரளி என்றும் அழைப்பர். இரண்டிலும் வேர் முதல் விதை வரை இதயத்துடிப்பைக் குலைக்கும் நஞ்சு உண்டு. கொதிக்க வைத்தாலும் அது நீங்காது. குச்சியை அடுப்பெரிக்கவும் கூடாது.

காய் பொறுக்கி விளையாடும் குழந்தைகள் உள்ள வீட்டில் பொன்னரளி வேண்டவே வேண்டாம். தவறிக் கடித்துவிட்டால் கைவைத்தியம் செய்து காலம் கடத்தாமல், கிளையொன்றை ஒடித்து எடுத்துக்கொண்டு உடனே ஜிப்மர் போன்ற பெரிய மருத்துவமனைக்கு விரையுங்கள். பெயர் மயங்கினாலும், கிளையைக் கண்ட மருத்துவர் செடியை அறிந்துகொள்வார்.

தாய்மார்களே! மாலையில் பிள்ளைகளின் கைபிடித்து வேலியோரம் நடந்து, ஒவ்வொரு செடியையும் காட்டி அதன் பெயரையும் குணத்தையும் சொல்லிக்கொடுங்கள். வல்ல நாயன் நம் மக்களைப் பயனுள்ள கல்வியுடையோராக ஆக்கியருள்வானாக! ஆமீன்.